மனை எண் இருபத்தேழுக்குப் போகும் சாலை

“இந்த நாட்டில் தர்க்கத்தை மட்டுமே நம்பி வாழ்பவர்கள் மொத்தம் இரண்டு பேர்,” என்றார் துப்பறிவாளர் ஜெகதீஸ்வரன். “ஒருவர் போன ஆவணியில் காலமாகிவிட்டார். மற்றவர் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.”

சொன்ன இடம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெல்ல மண்டியின் மாடி. கீழே வெல்லத்துக்கு வரும் ஈக்கள் வயிறு நிறைந்ததும் மேலே வந்து ஜெகதீஸ்வரனின் மேஜையில் ஓய்வெடுக்கும். அந்த அறைக்குத் தவறாமல் வருகிறவை அவை மட்டும்தான்.

“காலமானவரு யாருங்க சார்?” என்றாள் உதவியாளர் சத்யபிரியா. திருச்செங்கோட்டுப் பெண். வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள், கேள்விகளை இலவசமாகக் கேட்கிறவள்.

“என் கணித ஆசிரியர்.”

“ராகுகாலம் முடியட்டும்னு பரீட்சை ஹாலுக்கு வெளிய நின்னுக்கிட்டுக் கேள்வித்தாளே குடுக்காம இருந்தாருன்னு சொன்னீங்களே, அவருங்களா?”

ஜெகதீஸ்வரன் மேஜையிலிருந்த ஓர் ஈயை விரட்டினார்.

“மொத்தம் ஒருவர்,” என்று திருத்திக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த சென்னம்மாளுக்கு இந்த எண்ணிக்கையில் அக்கறை இல்லை. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது. தலைமுடியில் அங்கங்கே பஞ்சு. ஷிப்ட் முடிந்து நேராகப் பஸ் ஏறி வந்திருந்தார்.

“நீங்க எத நம்புனாலுஞ் சரிங்க. எனக்கு ஒரு ரோட்டக் கண்டுபுடிச்சுக் குடுக்கோணும்.”

விஷயம் இதுதான். சொந்த வீடில்லாத நாற்பத்திரண்டு தறித் தொழிலாளர் குடும்பங்களுக்கு, மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் நெடுங்கரட்டூர் என்ற ஊரில் அரசு வீட்டுமனை ஒதுக்கியிருந்தது. சென்னம்மாளுக்கு மனை எண் இருபத்தேழு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அஸ்திவார வேலை தொடங்கி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ஒதுக்கீடு ரத்து. மனை, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

“செங்கல் லாரி போறதுக்குத் தடம் இல்லீங்க. ஆபீஸ்ல போயி ரோடு எங்கீங்கன்னு கேட்டேன். அறிக்கையில முப்பது அடி ரோடுன்னு எழுதியிருக்குது, நீங்க சரியாத் தேடிப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. மூணு தரம் தேடியாச்சுங்க. கடைசியில வரப்பு மேலயே நடந்து நாப்பது செங்கல் தலையில சொமந்து போட்டேன். ரெண்டு நாள் ஆச்சு. இன்னும் மூவாயிரம் போடோணும்.”

“நாப்பதா?” என்றாள் சத்யபிரியா.

“ஆமா அம்முணி. இருவது வருசமா லைன் வீட்டுல தறிச் சத்தத்துக்குள்ள தூங்கறேன். இப்ப அந்த ரூமுலயும் ரெண்டு தறி போடறாராம் ஓனரு, மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஒரே ஒரு ராத்திரி சத்தமில்லாத ஊட்டுல படுத்துப் பாக்கோணும் சாமி. தூக்கம் வருதா வரலையான்னு அப்பறம் பாத்துக்கலாம்.”

ஜெகதீஸ்வரன் சென்னம்மாள் கொண்டுவந்திருந்த காகிதத்தைச் சத்யபிரியாவின் பக்கம் தள்ளினார்.

“அறிக்கையைப் படி.”

சத்யபிரியா காகிதத்தை விரித்தாள். “வீட்டுமனைத் தகுதி அறிக்கை, நெடுங்கரட்டூர். சாலை: முப்பது அடி அகலம். சமன் செய்யப்பட்டது, தண்ணீர் தெளிக்கப்பட்டது. பேருந்து: பத்து நிமிடத்துக்கு ஒன்று. விளக்கு: சாலையின் இரு புறமும், பல வண்ணங்களில். குடிநீர்: தாராளம், இரண்டு சுவைகளில்.”

“இரண்டு சுவையா?”

“அப்பிடித்தான் எழுதியிருக்குதுங்க. மருத்துவ வசதி: ஆம்புலன்ஸ் எந்நேரமும் தயார். பாதுகாப்பு: காவலர் நால்வர். சிறுவர்களுக்குப் பொழுதுபோக்கு: உண்டு. மக்களின் மனநிலை: மகிழ்ச்சி. முடிவு: இடம் தகுதியானது, உடனே வீடு கட்ட ஏற்றது.” காகிதத்தை மடித்தாள். “சார், இந்த ஊருல எனக்கும் ஒரு மனை சொல்லி வெய்யுங்க.”

“வழக்கை ஏற்றுக்கொள்கிறேன்,” என்றார் ஜெகதீஸ்வரன். “ஆனால் ஒன்று. சேலத்தில் இத்தனை பேர் இருக்க, என்னை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? என் முந்தைய வெற்றிகளைக் கேள்விப்பட்டா?”

“இல்லீங்க. பூக் கேட்டேன்.”

“என்ன கேட்டீர்கள்?”

“பூங்க சாமி. ஒரு பொட்டலத்துல வெள்ளப்பூ, ஒண்ணுல செவப்பு. வெள்ளன்னா சரி, செவப்புன்னா வேண்டாம். ஆத்தா முன்னால போட்டு, இந்த ரோட்ட விடாமத் தேடட்டுமா வேண்டாமான்னு மனசுல நெனச்சு ஒண்ண எடுத்தேன். வெள்ளப்பூ வந்துச்சு. அதச் சுத்தியிருந்த பேப்பருல உங்க விளம்பரம் இருந்துச்சுங்க.”

ஜெகதீஸ்வரனின் முகத்தில், பதக்கம் வாங்க மேடையேறியபோது வேறு பெயரைக் கூப்பிட்டுவிட்டவரின் பாவனை வந்தது.

“அம்மா, இரண்டு பொட்டலம். ஒன்றை எடுக்கிறீர்கள். ஐம்பது சதவிகிதம். ஒரு நாணயத்தைச் சுண்டினாலும் இதே பதில் கிடைக்கும், பூவாவது மிச்சமாகும். இரண்டாயிரம் வருடமாக அறிவு வளர்த்த ஓர் இனம், கல்யாணம் செய்யலாமா, கிணறு தோண்டலாமா, தறி வாங்கலாமா என்று அரளிப்பூவிடம் போய் நிற்பதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. பூவுக்கு என்ன தெரியும்?”

“உங்க அட்ரஸ் தெரிஞ்சிருக்குதே சார்,” என்றாள் சத்யபிரியா.

அன்று செவ்வாய்க்கிழமை. மூவரும் மல்லசமுத்திரம் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

*

நெடுங்கரட்டூர் நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல் வரப்பில் நடந்தால் கரடு வருகிறது. கரடு என்றால் மலையாகத் தேர்வெழுதித் தோற்றுப்போன பாறை. அதன் அடிவாரத்தில் புறம்போக்கு நிலம். அங்கே சீமைக் கருவேல மரங்கள், ஓர் ஓணான், நாற்பத்திரண்டு மனைகளுக்கான எல்லைக் கற்கள். மனை எண் இருபத்தேழில் நாற்பது செங்கற்கள், நான்கு பத்தாக, இஸ்திரி போட்ட துணிபோல அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

சாலை இல்லை. விளக்கு இல்லை. காவலர் நால்வரும் இல்லை. மக்களின் மனநிலையை விசாரிக்க ஓணான் மட்டுமே இருந்தது.

“தரை எப்பிடி இருக்குதுன்னு பாத்தீங்களா சார்?” சத்யபிரியா செருப்பால் தட்டிப் பார்த்தாள். “மேல கொஞ்சம் மண்ணு, அடியில பூராம் பாறை. அஸ்திவாரத்தக் கடவுளே போட்டுக் குடுத்துட்டாரு. செவுரும் கூரையும் மட்டும் பாக்கி.”

“யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமுங்களா?” என்றார் சென்னம்மாள்.

“கேட்டுத் தெரிந்துகொள்பவர் வழிப்போக்கர். பார்த்துத் தெரிந்துகொள்பவர் துப்பறிவாளர்,” என்றார் ஜெகதீஸ்வரன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பத்தடி போனதும் ஒரு குழியில் வலது கால் இறங்கியது.

கணுக்கால் ஆழக் குழி. வட்டமானது. எதிர்ப்புறம் அதே போல் இன்னொன்று. பத்தடி தள்ளி மறுபடி ஒரு ஜோடி. அப்படியே இரண்டு வரிசையாகக் குழிகள் நிலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் முப்பது அடி இடைவெளி.

“தெருவிளக்குக் கம்பங்கள்!” என்றார் ஜெகதீஸ்வரன். அவர் குரல் தழுதழுத்தது. கால் வலியாலும் இருக்கலாம். “பிடுங்கப்பட்டிருக்கின்றன!”

“சார், எனக்கொரு சந்தேகம்…”

“சந்தேகம் என் துறை. அங்கே பார்.”

ஒரு கருவேல முள்ளில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் ஊதல் ஒன்று மாட்டியிருந்தது. ஜெகதீஸ்வரன் அதைக் கைக்குட்டையால் எடுத்தார்.

“குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். விளையாடியிருக்கிறார்கள். பிறகு அவசரமாக வெளியேறியிருக்கிறார்கள்.”

அவர் இன்னும் பத்தடி நடந்து, மண்ணில் பாதி புதைந்திருந்த ஒரு தகரப் பலகையை நிமிர்த்தினார். அதில் எழுதியிருந்தது: காலணிகளை இங்கே விடவும்.

“ஒழுக்கமான மக்கள்,” என்றார் மெதுவாக. “சத்யா, அறிக்கை எழுதியவன் பொய் சொல்லவில்லை. இங்கே ஒரு நகரம் இருந்திருக்கிறது. அதைச் சாலையோடு சேர்த்துக் கடத்தியிருக்கிறார்கள்.”

“சாலையச் சுருட்டி லாரியில ஏத்திக்கிட்டா சார்?”

“கிண்டல் செய்.”

“செஞ்சுட்டுத்தாங்க சார் இருக்கறேன்.”

சென்னம்மாள் தன் செங்கற்களின் மேல் விழுந்திருந்த கருவேல இலைகளைக் குனிந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

குழி வரிசையைப் பின்தொடர்ந்தார்கள். அது புறம்போக்கைத் தாண்டியது, ஒரு வேலியின் படலைத் தாண்டியது, அதன்பின் சட்டென்று நின்றுவிட்டது. அதற்கப்பால் புதிதாக உழுத செம்மண் நிலம், அந்தப் பக்கத்துப் பேச்சில் காடு. மறு எல்லையில் தார்ச்சாலையும் பஸ் நிறுத்தமும் தெரிந்தன. இந்தக் காட்டின் குறுக்கே ஒரு வழி இருந்தால் மனைகளுக்கு லாரி மூன்றே நிமிடத்தில் வந்துவிடும்.

காட்டின் நடுவில் ஒரு டிராக்டர். அதன் நிழலில் உட்கார்ந்து, தூக்குப்போசியிலிருந்து கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார் ஓர் அறுபது வயதுக்காரர்.

ஜெகதீஸ்வரன் அவரை நோக்கி, குற்றவாளியைக் கூண்டில் பார்த்துவிட்ட வக்கீல்போல் நடந்தார். உழவுச்சாலில் இரண்டு முறை தடுக்கினாலும் கம்பீரம் குறையவில்லை.

“உங்கள் பெயர்?”

“சின்னுசாமிங்க. வாங்க, கூழு குடிக்கறீங்களா?”

“குற்றம் நடந்த இடத்தில் நான் உணவருந்துவதில்லை. நேராகக் கேட்கிறேன். இந்த இடத்தில் முப்பது அடி அகலத்தில் ஒரு சாலை இருந்ததா இல்லையா?”

“இருந்துச்சுங்க.”

ஜெகதீஸ்வரன் தடுமாறினார். இத்தனை சீக்கிரம் யாரும் ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

“அதை… அதை என்ன செய்தீர்கள்?”

“உழுதுட்டேனுங்க.”

“அரசு ஆவணத்தில் இருக்கும் ஒரு சாலையை உழுதுவிட்டேன் என்று கூழ் குடித்துக்கொண்டே சொல்கிறீர்கள்!”

“வருசா வருசம் உழுவறதுதானுங்க,” என்றார் சின்னுசாமி. “நோம்பி முடிஞ்சா உழுதுதானே ஆகோணும்? கல்லக்கா வெதைக்கோணும்ல?”

“எந்த நோம்பி?”

“மாரியாத்தா நோம்பிங்க. சித்திரையில. ஊருக்குள்ள இருந்து ஆத்தாளக் கரட்டடிக்குக் கொண்டுபோயி மூணு நாள் வெச்சிருப்போம். அதுக்கு என்ற காட்டுலதான் தடம். நானே மட்டம் அடிச்சு, தண்ணி தெளிச்சு உடுவேன். ரெண்டு பக்கமும் மூங்கில் நட்டு சீரியல் லைட்டு போடுவாங்க. ஸ்பெஷல் பஸ்ஸு வரும். குடிதண்ணிப் பந்தலு, நீர்மோருப் பந்தலு…”

“இரண்டு சுவை,” என்றாள் சத்யபிரியா.

“ராட்டினம் வரும், ஆம்புலன்ஸு வரும், போலீசு நாலு பேரு வருவாங்க. மூணாம் நாளு ஆத்தா ஊருக்குத் திரும்புனதும் எல்லாத்தையும் புடுங்கிக்குவாங்க. நான் உழுதுருவேன்.”

ஜெகதீஸ்வரன் உழவுச்சாலைப் பார்த்தார். கையிலிருந்த ஊதலைப் பார்த்தார். அதை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கடத்தப்பட்ட நகரம் கெடச்சுருச்சுங்க சார்,” என்றாள் சத்யபிரியா.

*

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஆய்வு செய்த அதிகாரி அருணகிரியின் கையெழுத்தும் செல் நம்பரும் இருந்தன. சத்யபிரியா எண்ணை அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“நெடுங்கரட்டூரா? நல்லா ஞாபகம் இருக்கு சார்,” என்றது ஆத்தூர்ப் பக்கத்துக் குரல். “நான் பார்த்த மனைகள்லயே அதுதான் சிறப்பான இடம். என்ன வசதி!”

“அது திருவிழா நாள் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?” என்றார் ஜெகதீஸ்வரன். “சாமி ஊர்வலம் கண்ணில் படவில்லையா?”

“பட்டுதே சார். ‘அருகில் வழிபாட்டுத் தலம்: உண்டு’ன்னு ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன் பாருங்க.”

“அது மூன்று நாள் மட்டும் இருக்கும் சாலை!”

“சார், படிவத்துல ‘இருக்கு’, ‘இல்லை’ன்னு ரெண்டு கட்டம்தான். நான் போனப்ப இருந்துச்சு. ‘எப்ப’ன்னு கேட்டு ஒரு கட்டம் கிடையாது. இருந்திருந்தா அதையும் நேர்மையா நிரப்பியிருப்பேன். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பார்க்காததை எழுதினது இல்லை சார்.”

“அப்படியென்றால் உடனே அறிக்கையைத் திருத்துங்கள்! உண்மையை எழுதுங்கள்!”

“தாராளமா திருத்தறேன்,” என்றார் அருணகிரி. “சாலை இல்லைன்னு எழுதினா மனை தகுதியில்லாததுன்னு ஆயிடும். நாப்பத்திரண்டு ஒதுக்கீடும் ரத்து. வேற இடம் தேடி அளந்து வர்றதுக்கு அஞ்சாறு வருஷம் ஆகும். இப்பவே திருத்தட்டுமா சார்? பேனா கையிலதான் இருக்கு.”

“வேண்டாஞ் சாமி!” என்றார் சென்னம்மாள். அன்று அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

அழைப்பு முடிந்தது. ஜெகதீஸ்வரன் தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக, கண்டுபிடித்த உண்மையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“ஐயா,” சென்னம்மாள் சின்னுசாமியிடம் போனார். “ஒரே ஒரு நாளு லாரி போக உடுங்க. நாங்களே மறுபடி உழுது குடுத்தர்றோம்.”

சின்னுசாமி தூக்குப்போசியை மூடினார். அவர் முகம் நிஜமாகவே வாடியது.

“உங்களுக்கு உடறதுக்கு எனக்கென்ன அம்மணி கசக்குதா? மேக்கால என்ற இன்னொரு காட்டப் பாருங்க. அதுல ஒரு மனுசன் மாட்டு வண்டி போவட்டுமான்னு கேட்டான். பாவம்னு உட்டேன். இன்னிக்கு அதுல தார் ரோடு, சாக்கட, பஞ்சாயத்து போர்டு. ஒண்ணர ஏக்கரா போச்சு. கேட்டா, பொதுவழிங்கறாங்க. மனுசனுக்கு ஒருக்கா உட்டா திரும்பி வராதுங்க. ஆத்தாளுக்கு உட்டா மூணாம் நாளு சுத்தமாத் திரும்பிரும். அவ ஒரு தடவகூட இது பொதுவழின்னு மனு போட்டதில்ல.”

“சர்க்காரு முறையா ரோட்டுக்குன்னு கேட்டா?” என்றாள் சத்யபிரியா.

“முறையா அளந்து, கேட்டு எடுத்துக்கிட்டா நாளைக்கே கையெழுத்துப் போடறேன். யாரு கேட்டாங்க? அறிக்கையிலதான் ரோடு ஏற்கெனவே இருக்குதே!”

இது மறுக்க முடியாத தர்க்கம். நாட்டில் தர்க்கத்தை நம்பி வாழ்பவர்களின் எண்ணிக்கை மறுபடியும் இரண்டானது.

சத்யபிரியா விரல் விட்டு எண்ணினாள். “அப்ப ரோடு ஆத்தாளுக்கு மட்டும். ஆத்தா கெளம்புனா ரோடு வரும், தண்ணி வரும், கரண்டு வரும். பின்னாலயே நாப்பத்திரண்டு லோடு செங்கல்லும் வரலாம். சாமி தடத்துல பக்தருங்க போறத யாரும் தடுக்கறதில்லையே? இன்னிக்குச் செவ்வாய். இன்னிக்கே பூச்சாட்டி நோம்பிய அறிவிச்சா…”

“அடுத்த புதன் ஆத்தாளுக்குப் பொங்கலு,” என்றார் சின்னுசாமி. “ஞாயித்துக்கெழமையே தடம் போட்டுருவேன்.”

“வெள்ளிதான் கடைசி நாள். ஏனுங்க, ஒரே வருசத்துல ரெண்டு நோம்பி போடுவீங்களா?”

சின்னுசாமி தலையைச் சொறிந்தார். “மழை இல்லாத வருசம் ஒருக்கா போட்டிருக்கறோம். ஆனா அது நாம முடிவு பண்றதில்ல அம்முணி. பூக் கேக்கோணும்.”

எல்லோரும் ஜெகதீஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் கரட்டைப் பார்த்தார்.

*

மாரியம்மன் கோயில் ஊருக்குள் ஒற்றை அறைக் கட்டடம். பூசாரி செங்கோடன் பகலில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர். ஆள் அனுப்பியதும் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சேதி பரவி, பொழுது சாயும் நேரத்தில் ஊரில் பாதி அங்கே கூடிவிட்டது.

“வேண்டுதல் ஊருக்கும் மனைக்காரங்களுக்கும் நடுவால இருக்கறது,” என்றார் செங்கோடன், வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்தபடி. “அதனால ஊருக்காரங்க எடுக்கக்கூடாது. மனை வாங்குன அம்மணியும் எடுக்கக்கூடாது. ரெண்டுலயும் பங்கில்லாத ஆளு எடுக்கோணும்.”

மிச்சம் இருந்தது இருவர்.

“என்ன உட்டுருங்க,” என்றாள் சத்யபிரியா. “நான் மூணு மாப்பிள்ளைக்குப் பூக் கேட்டு மூணு தரமும் செவப்பு வாங்குனவ. அந்த மூணு பேருல ரெண்டு பேரு இப்ப ஜாமீன்ல இருக்காங்க. என்ற கைக்கு வேண்டாம்னு சொல்ல மட்டுந்தான் தெரியும்.”

ஜெகதீஸ்வரன் முன்னால் வந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னதால் கழற்றினார், கொள்கை அளவில் சாக்ஸைக் கழற்றவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“நண்பர்களே! நான் இதை எடுப்பது நம்பிக்கையால் அல்ல. இந்த முறையின் பொருளின்மையை உங்களுக்கு நிரூபிப்பதற்காக. ஐம்பது சதவிகித வாய்ப்பு என்பது…”

“மனசுல வேண்டிக்கிட்டு எடுங்க,” என்றார் செங்கோடன்.

“வேண்டிக்கொள்ள எதுவும் இல்லை,” என்ற ஜெகதீஸ்வரன், கடையில் மிட்டாய் எடுப்பதுபோல் இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

“பார்த்தீர்களா, ஐம்பது சதவிகிதம்!” என்று சொல்ல வாயெடுத்த ஜெகதீஸ்வரன், கூட்டத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“இன்னொருக்கா எடுக்க முடியாதுங்களா?” சத்யபிரியாவின் குரலில் முதல்முறையாகக் குறும்பு இல்லை.

“சோதிச்சுப் பாக்கறதுக்குன்னா அடுத்த செவ்வாய்க்குத்தான் கேக்க முடியும்,” என்றார் செங்கோடன். “நெசமா வேணும்னு கேட்டா எப்ப வேணா கேக்கலாம். ஆனா பங்கில்லாத ஆளா இருக்கோணும். பங்கே இல்லாதவங்க எதுக்கு வேணும்னு கேக்கப் போறாங்க?”

அடுத்த செவ்வாய் என்றால் பொங்கல் அதற்கடுத்த புதன். வெள்ளி அதற்குள் போய்விடும். எல்லோருக்கும் கணக்குத் தெரிந்தது.

சென்னம்மாள் அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிபாளையத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். பிறகு சின்னுசாமியிடம் சொன்னார்: “கரட்டடியில நாப்பது செங்கல் கெடக்குதுங்க. நல்ல சூளைக் கல்லு. யாராச்சும் அடுப்புக் கட்டறதுக்கு எடுத்துக்கங்க. சும்மா மழையில நனையோணுமா?”

கூட்டம் கலைந்தது. சத்யபிரியா சென்னம்மாளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். பேச எதுவும் கிடைக்காமல், “சார், டிக்கெட் மூணா, ரெண்டா?” என்று திரும்பினாள்.

பின்னால் சார் இல்லை.

அவள் கோயிலுக்குத் திரும்பி ஓடினாள். வாசலில் ஷூ இருந்தது. ஷூவுக்குள் சாக்ஸ் இரண்டும் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே செங்கோடன் புதிதாக இரண்டு பொட்டலங்களை மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். ஜெகதீஸ்வரன் வெறுங்காலோடு, கண்களை இறுக மூடி, கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐம்பது சதவிகிதத்துக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

பிறகு, காலையிலிருந்து அச்சடித்த புத்தகம்போலப் பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரின் வாயிலிருந்து வேறொரு குரல் வந்தது. மல்லசமுத்திரத்துச் சந்தையில் யாரோ பேசுவது போலிருந்தது.

“ஆத்தா, எனக்கு இதுல ஒரு பங்கும் இல்லீங்க. அந்தம்மாளுக்கு ஒரு ஊடு வேணுமுங்க. நாப்பது செங்கல் சொமந்திருக்குது. எனக்கு வேற ஒரு ரோசனையும் தோணலீங்க. நீ ஒருக்கா கரட்டடிக்கு வந்துட்டுப் போயிருங்க ஆத்தா.”

மரியாதை குழம்பியிருந்தது. நீயும் வந்தது, ‘ங்க’வும் வந்தது. சத்யபிரியா வாசல் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அவர் குனிந்தார். கை ஒரு பொட்டலத்தின் மேல் போய், நின்று, அதையே எடுத்தது. அவரால் பிரிக்க முடியவில்லை. செங்கோடன்தான் வாங்கிப் பிரித்தார்.

“வெள்ளை!”

அந்தக் குரல் பஸ் நிறுத்தம்வரை கேட்டிருக்க வேண்டும். பள்ளிபாளையம் பஸ் ஆரன் அடித்து அடித்துப் பார்த்தும் சென்னம்மாள் ஏறவில்லை. “பூச்சாட்டுக்குத் தண்டோராக்காரனக் கூப்புடுங்கடா!” என்று யாரோ தெருவில் ஓடினார்கள். உழுத காட்டின் பக்கம் சின்னுசாமியின் டிராக்டர் உறுமத் தொடங்கியது. தடம் ஞாயிற்றுக்கிழமைதான் என்றாலும், மனிதருக்கு அதுவரை பொறுக்கவில்லை போலும்.

செங்கோடன் பூவைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனதும், ஜெகதீஸ்வரன் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வெள்ளை அரளியை வலது கண்ணில் ஒற்றினார். பிறகு இடது கண்ணில். வரிசை சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டதால், இடதிலிருந்து தொடங்கி இன்னொரு முறை ஒற்றிக்கொண்டார்.